கர்ப்பச் செய்தி யாருடையது?

முகநூலைத் திறந்தால் இப்போது கிழமைக்கு ஒரு தடவையாவது அப்படியொரு பதிவு கண்ணில் படுகிறது. ஒரு ஸ்கான் படம், பக்கத்தில் ஒரு சோடிச் சின்னச் சப்பாத்து, “விரைவில் மூவராகிறோம்” என்று ஒரு வரி. சில கிழமைகள் கழித்து, வயிற்றில் கை வைத்தபடி கணவனும் மனைவியும் கடற்கரையில் நிற்கும் படம். பிறகு வளைகாப்பு, பலூன்கள், கேக். முன்பு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த இந்தப் படங்கள் இன்று கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகின்றன.

இவற்றுக்கு எங்கள் சமூகத்தில் இரண்டு விதமான எதிர்வினைகளைக் காண்கிறேன். மூத்தவர்கள் கண்ணூறு படும் என்கிறார்கள். படித்தவர்கள் எனச் சொல்லிக்கொள்வோர், “இதையெல்லாமா ஊருக்குக் காட்டுவது” என்று முகம் சுளிக்கிறார்கள். பெண்ணின் வயிறு தெரிகிறது என்பதையே ஒழுக்கப் பிரச்சினையாக்கி அந்தப் பதிவுகளின் கீழே எழுதுகிற ஆண்களும் உண்டு.

இந்த விவாதம் தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் எண்ணம். படம் போடலாமா கூடாதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்தி யாருடையது? அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிப்பவர் யார்? போரைக் கடந்து வந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முகநூலுக்கு வெகுகாலம் முன்பே அது எங்கள் பெண்களின் வாழ்க்கையில் இருந்தது.

சொல்லாமல் சொன்ன காலம்

எங்கள் பேச்சுமொழி கர்ப்பத்தை நேராகச் சொல்வதில்லை. “முழுகாமல் இருக்கிறாள்” என்போம். “ஏதும் புதினமோ?” என்று கேட்போம். தாய்க்கும் மாமிக்கும் தெரிந்த பின்னரும் மூன்று மாதம் வரை அயலுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது வழக்கம். காரணம் கேட்டால் கண்ணூறு என்பார்கள்.

அந்த வழக்கத்துக்குள் நடைமுறை அறிவும் இருந்தது. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கருச்சிதைவில் முடிகின்றன என்பது மருத்துவ உலகின் பொதுவான கணிப்பு. அவற்றில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு கிழமைகளுக்குள் நிகழ்கின்றன. அந்தக் காலத்தைத் தாண்டும் வரை சொல்லாமல் இருந்தால், இழப்பு வந்தாலும் ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதே மௌனத்துக்கு மறுபக்கமும் உண்டு. கர்ப்பத்தை யாருக்கும் சொல்லாத பெண், கரு கலைந்தபோதும் யாருக்கும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனாள். எங்கள் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை தங்காமல் போயின என்பது அந்தத் தாய்க்கு மட்டுமே தெரியும். ஆகவே பழைய மௌனம் முழுவதும் நல்லது, புதிய பகிர்வு முழுவதும் கெட்டது என்று சொல்ல என்னால் முடியாது.

மற்றவர்களின் கணக்கில் எங்கள் கர்ப்பங்கள்

போர்க்காலத்தில் கர்ப்பம் தனிப்பட்ட செய்தியாக இருக்கவில்லை. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி இளவயதிலேயே பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்த பெற்றோர் வன்னியில் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்குக் கர்ப்பம் ஒரு பாதுகாப்புச் சான்றாகவும் இருந்தது. சோதனைச்சாவடிகளிலோ நிலைமை வேறு. வயிறு உண்மையா, அதற்குள் வேறேதும் மறைக்கப்பட்டிருக்கிறதா என்ற சந்தேகத்தோடு கர்ப்பிணிகள் பார்க்கப்பட்டார்கள்.

2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் கர்ப்பமாயிருந்த பெண்கள் புதுக்குடியிருப்பிலிருந்து புதுமாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் வயிற்றோடு நடந்தார்கள். பதுங்குகுழிகளில் பிள்ளைகள் பிறந்தன. அந்த ஆண்டு ஏப்ரல் 8 ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணை வீச்சுக்கு இலக்கானதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கைகளில், பிள்ளைக்குப் பால்மா பெறுவதற்கான அட்டை அப்படியே இருந்தது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அந்தத் தாய்மை பற்றி எஞ்சிய ஒரே எழுத்து ஆவணம் ஒரு பங்கீட்டு அட்டைதான்.

போர் முடிந்த பின் ஏறத்தாழ 280,000 பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பான்மையினர் செட்டிகுளத்து மெனிக்பாமில் இருந்தார்கள். அங்கே கர்ப்பிணிகள் எண்ணப்பட்டார்கள், வரிசையில் விடப்பட்டார்கள், பதியப்பட்டார்கள். யாருடைய பிள்ளை, கணவன் எங்கே என்ற கேள்விகளுக்கு அவர்கள் சீருடைக்காரர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கணவன் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிலின் பாரம் எவ்வளவு என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2013 ஆகஸ்ட் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் நடந்ததாக வெளிவந்த குற்றச்சாட்டையும் மறக்க முடியாது. பிள்ளைகளின் போசாக்கைப் பரிசோதிக்க வரும்படி அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, போதிய விளக்கமோ உண்மையான சம்மதமோ இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டன என்பதே அந்தக் குற்றச்சாட்டு. யார் எத்தனை பிள்ளை பெற்றவர் என்ற விபரம் சுகாதாரப் பதிவேடுகளில் ஏற்கனவே இருந்தது.

இலங்கையின் தாய்சேய் நலச் சேவையைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரும், கிளினிக் கொப்பியும் இந்த நாட்டில் எண்ணற்ற தாய்மாரைக் காப்பாற்றியுள்ளன. ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 30 என்ற அளவில் தாய்மார் மரணம் குறைந்திருப்பது அவர்களின் உழைப்பால்தான். ஆனால், பதிவேடு நல்ல கைகளில் இருந்தால் உயிரைக் காக்கும், அதிகாரம் உள்ள கைகளில் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் மாறும் என்பதை எங்கள் பெண்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், கிளிநொச்சியில் இருந்து ஒரு பெண் தன் வயிற்றைக் காட்டிப் படம் போடுவதை வெறும் பகட்டு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2009 இல் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் பலரிடம் அந்தக் கர்ப்பகாலத்தின் ஒரு படம்கூட இல்லை. பிள்ளை பிறந்த முதல் மாதங்களின் படமும் இல்லை. அன்று பத்து வயதில் பதுங்குகுழிக்குள் இருந்த சிறுமிகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் தம் கர்ப்பத்தை அஞ்சாமல், மகிழ்ச்சியான செய்தியாக, தம் வாயால் முதலில் சொல்கிறார்கள் என்றால் அதை நான் வரவேற்கிறேன்.

செய்தியை வாங்கும் வியாபாரிகள்

அவள் தன் வாயால் சொல்கிறாள் என்பது சரி. ஆனால் அவள் சொல்லும் இடம் யாருடையது?

கர்ப்பம் வணிக நிறுவனங்களுக்கு மிகப் பெறுமதியான செய்தி. ஒரு குடும்பத்தின் வாங்கும் பழக்கம் அடியோடு மாறும் காலம் அது. அமெரிக்காவின் ‘ரார்கெற்’ கடைத்தொடர் ஏறத்தாழ 25 பொருட்களின் விற்பனையை வைத்து எந்த வாடிக்கையாளர் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று கணித்து வந்தது 2012 இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் யாரும் கடையிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

2014 இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜனெற் வெர்ரெசி தன் கர்ப்பத்தை இணையத்திலிருந்து மறைக்க முடியுமா என்று முயன்று பார்த்தார். உறவினர்களிடம் எதையும் பதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குழந்தைப் பொருட்களைப் பணம் கொடுத்தே வாங்கினார். கர்ப்பிணி ஒருவரின் தரவு சாதாரண ஒருவரின் தரவைப் போல் பதினைந்து மடங்கு விலைபோகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார்: மற்றவருக்குப் பத்துச் சதம் என்றால் கர்ப்பிணிக்கு ஒன்றரை டொலர். இவ்வளவு கவனத்துக்கும் நடுவே ஒரு மாமா முகநூலில் வாழ்த்து அனுப்பிவிட்டார். முகநூலின் தனிப்பட்ட செய்திப் பெட்டியும் அப்போது நிறுவனத்தின் கண்ணுக்கு மறைவானதாக இருக்கவில்லை என்பது அந்த மாமாவுக்குத் தெரியவில்லை.

எங்கள் பெண்கள் பலரும் இன்று கைத்தொலைபேசியில் கர்ப்பச் செயலிகளை வைத்திருக்கிறார்கள். இந்தக் கிழமை பிள்ளை தேசிக்காயளவு, அடுத்த கிழமை மாங்காயளவு என்று அவை சொல்கின்றன. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய ‘ஃப்ளோ’ என்ற செயலி, பெண்களின் மாதவிடாய், கர்ப்ப விபரங்களை இரகசியமாக வைப்பதாகச் சொல்லிவிட்டு முகநூல், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் கருவிகளுக்கு அனுப்பியதாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2021 இல் அந்த விவகாரம் இணக்கத்தில் முடிந்தது. இதே செயலி தொடர்பான வழக்கில், முகநூலின் தாய் நிறுவனமான மெற்றா தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்று 2025 ஆகஸ்டில் கலிபோர்னிய நடுவர் குழு தீர்ப்பளித்தது. எனவே படம் எதுவும் போடாமல், செயலியில் ஒரு திகதியை மட்டும் பதிந்த பெண்ணின் செய்தியும் வெளியே போகக்கூடும்.

செய்தி மாறும்போது

இதன் மிகக் கொடிய விளைவு இழப்பின்போது தெரிகிறது. 2018 டிசம்பரில் வொஷிங்ரன் போஸ்ற் ஊடகவியலாளர் கிலியன் புரொக்கெல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தன் கர்ப்பகாலப் படங்களை அவர் சமூக ஊடகங்களில் பகிர்ந்திருந்தார். அவரது பிள்ளை இறந்து பிறந்தது. அதன் பின்னரும் அவரது திரையில் குழந்தைப் பொருட்களின் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. இவை எனக்கு வேண்டாம் என்று அவர் அழுத்தியபோது, பிள்ளை நலமாகப் பிறந்துவிட்டது என்று கணினி முடிவெடுத்தது. பாலூட்டும் தாய்மாருக்கான பொருட்களின் விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது. நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று கண்டுபிடிக்குமளவுக்குக் கெட்டிக்காரரான உங்களுக்கு, என் பிள்ளை இறந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லையா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் பிள்ளைகள் இறந்து பிறக்கின்றன. எங்கள் மாவட்டங்களிலும் அந்தத் தாய்மார் இருக்கிறார்கள். ஆறு மாதப் படத்துக்கு முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்திருப்பார்கள். எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தால் அந்த முந்நூறு பேருக்கும் யார் சொல்வது? “பிள்ளை பிறந்திட்டுதோ?” என்று உட்பெட்டிக்கு வரும் கேள்விக்கு யார் பதில் எழுதுவது? மரணவீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் திண்ணையில் இருந்துவிட்டுப் போகும் பண்பு எங்களிடம் உண்டு. திரையில் அந்தத் திண்ணை இல்லை. ஒவ்வொருவரும் ஏதாவது எழுதியாக வேண்டியிருக்கிறது.

அதே வேளை, 2020 செப்ரெம்பர் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிறிஸி ரீகன் தன் மகனை இழந்தபோது வைத்தியசாலைக் கட்டிலில் அழும் படங்களைப் பகிர்ந்தார். இதையுமா படம் எடுப்பது என்று பலர் ஏசினார்கள். ஆனால் இழப்பைச் சொல்லவே வழியில்லாதிருந்த எத்தனையோ பெண்கள் அந்தப் பதிவின் கீழே வந்து முதற்தடவையாகத் தம் கதையைச் சொன்னார்கள். மகிழ்ச்சியைப் பகிர்ந்த பெண்ணுக்கு துயரத்தைப் பகிரவும் உரிமை உண்டு. இரண்டையும் பகிராமல் இருக்கவும் உரிமை உண்டு. நாங்கள் இழப்புப் பதிவைக் கண்டால், “அடுத்தது நல்லபடியா வரும்” என்று அவசரமாக எழுதுகிறோம். அடுத்த பிள்ளை இறந்த பிள்ளைக்கு ஈடு என்று யாரும் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லத் துணிவதில்லை. வைத்தியசாலையில் பறிகொடுத்த தாயிடமும் சொல்லத் தேவையில்லை.

கருப்பையும் இனவாதமும்

இந்த நாட்டில் கர்ப்பம் பற்றிய எந்தப் பகிர்வும் இன அரசியலுக்கு வெளியே நிற்பதில்லை. 2018 பெப்ரவரி 26 அன்று அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கறிக்குள் இருந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லி எடுக்கப்பட்ட காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லி முடிப்பதற்குள் திகன எரிந்தது. அரசாங்கம் சில நாட்களுக்கு முகநூலை முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கோரியது.

2019 இல், ஈஸ்டர் தாக்குதலுக்குச் சில கிழமைகளின் பின், குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று சிங்கள நாளிதழ் ஒன்று எழுதியது. அவர் கைது செய்யப்பட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். அதற்குள் பெண்களின் மகப்பேற்று விபரங்கள் நாட்டின் பொதுப் பேச்சாகிவிட்டன.

தமிழ்ப் பக்கங்களில் நான் காணும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் இளம் தாயின் கர்ப்பப் படத்தின் கீழே யாரோ ஒருவர், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, “இனம் பெருகட்டும், நாலு ஐந்து பெறுங்கோ” என்று எழுதுகிறார். இழந்த உயிர்களை எண்ணி வருந்தும் மனதிலிருந்து அது வரலாம். ஆனாலும் அது பெண்ணை மறுபடியும் ஒரு கணக்குக்குள் வைக்கிறது. வேரவிலில் குறைக்கப் பார்த்தார்கள் என்று குற்றஞ்சாட்டுகிற நாங்கள், பெருக்கச் சொல்லிக் கட்டளையிடுவது எப்படிச் சரியாகும்? பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு பிள்ளைக்குப் பால்மா வாங்கவே திணறும் குடும்பத்திடம் அதைச் சொல்பவர், அந்தப் பால்மாவுக்குப் பணம் அனுப்பப் போவதில்லை.

பகிர்வு தேவைப்படும் இடம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நான் முடிக்கப் போவதில்லை. 2024 இல் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மகப்பேற்றோடு தொடர்புபட்ட மரணங்கள் நிகழ்ந்தபோது, குடும்பங்களும் ஊராரும் சமூக ஊடகங்களில் எழுப்பிய கேள்விகள் இல்லாவிட்டால் அவை ஒரு கோப்புக்குள் அடங்கியிருக்கக்கூடும். மக்கள் வைத்தியசாலை முன்னால் திரண்டார்கள், கேள்வி கொழும்பு வரை போனது. கிளினிக்கில் நடத்தப்பட்ட விதத்தைப் பெண்கள் எழுதுவதும், அடுத்தவருக்கு எச்சரிக்கை சொல்வதும், நல்ல தாதியருக்கு நன்றி சொல்வதும் பயனுள்ள பகிர்வுகள்.

அந்த நேரத்திலும் இறந்த தாயின் உடலையும் சிசுவின் உடலையும் படமெடுத்துப் பரப்பினால் அது வேறு விடயம். அநியாயத்தைக் காட்டத்தானே என்பார்கள். எங்கள் இறந்தவர்களின் உடல்கள் 2009 முதல் எல்லோருடைய கைத்தொலைபேசிகளிலும் சுற்றிவிட்டன. கேள்வியை எழுத்தில் கேட்கலாம், ஆவணத்தைக் காட்டலாம். உடலைக் காட்டித்தான் நியாயம் கேட்க வேண்டும் என்ற நிலைக்கு எங்களை நாங்களே தள்ளக் கூடாது.

சட்டம் எட்டாத தூரம்

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் முழுமையாக இயங்கினாலும், தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. உங்கள் ஸ்கான் படத்தை உங்கள் மச்சாள் தன் பக்கத்தில் போட்டால் இந்தச் சட்டம் குறுக்கே வராது.

இன்னொரு சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கருக்கலைப்பு வழக்கொன்றில், தாயும் மகளும் முகநூலில் தமக்குள் எழுதிய தனிப்பட்ட செய்திகளை 2022 இல் பொலிஸார் அந்த நிறுவனத்திடமிருந்து பெற்றார்கள். 2023 இல் இருவரும் சிறை சென்றார்கள். நீதிமன்றக் கட்டளையோடு கேட்டால் நிறுவனம் கொடுக்கும் என்பதற்கு இது உதாரணம். கர்ப்பத்தை ஊருக்கு அறிவித்த பெண், பின்னர் அது கலைந்தால், தானாகக் கலைந்ததா என்ற சந்தேகப் பார்வைக்கும் ஆளாகலாம். கணவனை இழந்த, பிரிந்த, திருமணமாகாத பெண்ணுக்கு அந்தப் பார்வை இன்னும் கூர்மையாக விழும்.

வடக்குக் கிழக்கில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விளம்பர நிறுவனங்கள் மட்டுமல்ல. மாவீரர் நினைவு தொடர்பான முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். பிறக்கப்போகும் மகனுக்குப் போரில் இறந்த அண்ணனின் பெயரை வைக்கப் போகிறேன் என்று ஒரு தங்கை எழுத விரும்பினால், அதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் தொடங்க வேண்டியது

நிறுவனங்களையும் அரசையும் மாற்றக் காலம் எடுக்கும். எங்கள் கையில் இன்றே இருக்கும் ஒன்று, குடும்ப வழக்கம். எங்கள் பகுதிகளில் கர்ப்பச் செய்தியை வெளியே விடுபவர் பல வேளைகளில் அந்தப் பெண் அல்ல. கணவனின் தமக்கை, கனடாவிலிருக்கும் சித்தி, வட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாமா. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. இருபது வருடமாக இறப்புச் செய்திகளைக் கேட்டவர்களுக்கு ஒரு பிறப்புச் செய்தியை அடக்கி வைத்திருப்பது கடினம். தூரத்தில் இருப்பவருக்குப் பேரப்பிள்ளையின் முதல் அசைவு தெரிவது அந்த ஸ்கான் படத்தில்தான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இருந்தாலும் சில விடயங்களை வழக்கமாக்கலாம். தாய் பகிரும் முன் யாரும் பகிரக் கூடாது. தாய் பத்துப் பேருக்கு அனுப்பியது பத்துப் பேரோடு நிற்க வேண்டும். ஸ்கான் படத்தின் மூலையில் பெயர், வைத்தியசாலை, திகதி, பதிவு இலக்கம் எல்லாம் அச்சாகியிருக்கும். பகிர்வதானால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பகிர வேண்டும். கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்துப் போடவே கூடாது. பிள்ளைப்பேற்றுத் திகதி, விடுதி, கட்டில் இலக்கம் என்பவை உறவினருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவை. இழப்பு நேர்ந்தால் எல்லோருக்கும் அறிவிக்கும் பொறுப்பைத் தாய் நம்பும் ஒருவர் ஏற்க வேண்டும். பழைய படங்களை அழிப்பதா வைத்திருப்பதா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் உறவுகள் பெருமளவில் வாழும் பிரான்ஸ் 2024 பெப்ரவரியில் பிள்ளைகளின் படங்கள் மீதான உரிமை பற்றிய சட்டமொன்றை இயற்றியது. பிள்ளையின் தனிவாழ்வைக் காப்பது பெற்றோர் இருவரினதும் கடமை என்று அது சொல்கிறது. பதினெட்டு வயதில் தன் முதல் ஸ்கான் படத்தின் கீழே ஊரார் எழுதியதையெல்லாம் வாசிக்கப் போகும் ஒருவரைப் பற்றித்தான் நாங்கள் எழுதுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

படம் போடுகிற பெண்ணை ஏசுபவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். அவளது கர்ப்பத்தை ஆட்சேர்ப்புக்காரர் கணக்கெடுத்தபோதும், சோதனைச்சாவடியில் தடவிப் பார்த்தபோதும், முகாமில் வரிசையில் நிறுத்தி எழுதியபோதும் அவளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இப்போது அவள் தன் விருப்பப்படி சொல்கிறாள், அல்லது சொல்லாமல் இருக்கிறாள். சொன்னால் வாழ்த்துங்கள். சொல்லாவிட்டால் கேட்காதீர்கள். அந்தச் செய்தியை அவளைக் கேட்காமல் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.